ராட்சதச் சிப்பி வாடினால் எங்கே பார்ப்பது: வேலூர் வெயிலில் ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

150 முதல் 400 லிட்டர் வரை பிடிக்கும் வீட்டு ரீஃப் தொட்டிகளுக்கானது, அதாவது பவளமும் சிப்பியும் வளர்க்கும் உப்பு நீர்த் தொட்டிகளுக்கானது இது. வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சிப்பி வாடினால் காரணம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் போய் நிற்கும். ஒன்று வெயில், இன்னொன்று தொட்டியில் ஊற்றிய தண்ணீர். நோயும் பூச்சியும் அதற்குப் பிறகுதான். எந்த அறிகுறி தெரிந்தாலும் மருந்து பாட்டிலை எடுக்காதீர்கள். மீன்களுக்கு ஊற்றும் வெண்புள்ளி மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது, அது சிப்பியைக் கொன்றுவிடும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராட்சதச் சிப்பி வகைகளில் மாக்சிமா, ஸ்குவாமோசா, ஹிப்போபஸ் மூன்றும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. லட்சத்தீவிலோ அந்தமானிலோ எடுத்ததை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். ராட்சதச் சிப்பிகள் எல்லாமே அழியும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கின்றன. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உயிர்களை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். பண்ணையில் வளர்த்த டெராசாவோ குரோசியாவோ ஆனாலும் இறக்குமதித் தாளும் பில்லும் கையில் வராமல் பணம் கொடுக்க வேண்டாம். கீழே உள்ளவை இந்த இரண்டு வகைகளை மனதில் வைத்து எழுதியவை. குரோசியா 15 செ.மீ. அளவோடு நின்றுவிடும். டெராசா அரை மீட்டர் வரை போகும் என்பதால் 200 லிட்டர் தொட்டிக்கு அது சில வருட விருந்தாளிதான்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

நல்ல சிப்பி பகலில் மேண்டிலை, அதாவது ஓட்டுக்கு வெளியே விரியும் வண்ணச் சதையை, ஓட்டு விளிம்பைத் தாண்டித் தொங்கவிட்டிருக்கும். மேலே கையை அசைத்து நிழல் விழச் செய்தால் சட்டென்று இழுத்துக்கொண்டு, சற்று நேரத்தில் மறுபடி விரியும். ஓட்டின் மேல் விளிம்பில் புது வளர்ச்சி வெள்ளைக் கோடாகத் தெரியும். மூன்றும் இருந்தால் சிப்பியை விட்டுவிடுங்கள், தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.

இல்லை என்றால் இந்த வரிசையில் அளந்து எழுதி வையுங்கள்:

வெப்பம் 25 முதல் 27 டிகிரி. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), ஒப்படர்த்தியில் 1.026. அம்மோனியா பூஜ்யம். பிஎச் 8.1 முதல் 8.4. காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம். மக்னீசியம் 1280 முதல் 1350. நைட்ரேட் 2 முதல் 10. பாஸ்பேட் 0.03 முதல் 0.1.

நைட்ரேட் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு. சிப்பியின் சதைக்குள் வாழும் பாசிக்கு நைட்ரஜன் வேண்டும். உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி கரைசல் ஒரு சின்ன பாட்டில் வாங்கி அதில் பாருங்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் இரண்டு புள்ளி தள்ளிக் காட்டுவதுண்டு.

அறிகுறி 1: வாய் பிளந்து கிடக்கிறது, நிழலுக்கு மெதுவாகத்தான் மூடுகிறது

சதையின் நடுவே நீளமாக இருப்பது நீரை உள்ளிழுக்கும் வாய். குழாய் போலத் துருத்தி நிற்பது நீரை வெளியே தள்ளும் வாய். உள்ளிழுக்கும் வாய் அகலமாகத் திறந்து உள்ளே செவுள் பளிச்சென்று தெரிந்தால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

*தண்ணீர் 29 டிகிரிக்கு மேல் இருக்கிறதா?*

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை இதுதான் முதல் சந்தேகம். வெளியே 41, 42 அடிக்கும் நாளில் மாடி வீட்டு ஹாலில் இருக்கும் தொட்டி 31-ஐத் தொட்டுவிடும். மதியம் 4 மணிக்கு அளந்து பாருங்கள், காலையில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

உடனே செய்ய வேண்டியது: விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். மேல் மூடியை எடுங்கள். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டைத் தண்ணீர் மேற்பரப்பில் சாய்வாகக் காற்றடிக்கும்படி வையுங்கள், ஒன்று தொட்டிக்கு, ஒன்று சம்புக்கு, அதாவது தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் இருக்கும் பெட்டிக்கு. ஒரு லிட்டர் பாட்டிலில் ஆர்ஓ தண்ணீரை உறைய வைத்து, மூடியை இறுக்கி சம்பில் மிதக்க விட்டால் 200 லிட்டரில் ஏறக்குறைய அரை டிகிரி இறங்கும். மணிக்கு இரண்டு பாட்டிலுக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறக்கினால் சூட்டில் பிழைத்தது குளிரில் போகும். ஐஸ் கட்டியை நேராகத் தொட்டியில் போடாதீர்கள், உப்பு சரிந்துவிடும்.

கடற்கரை ஊர்களில் ஃபேன் வைத்துப் பிரயோஜனமில்லை என்பார்கள். அங்கே காற்றில் ஈரம் அதிகம். கோடையில் நம் பக்கத்துக் காற்று காய்ந்து கிடப்பதால் ஃபேன் மட்டுமே 2, 3 டிகிரி இறக்கும். அதற்கான விலை ஆவியாகும் தண்ணீர். 200 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் ஆவியானால் 35 பிபிடி 36.8 ஆகிவிடும். ஃபேன் ஓடும் வீட்டில், ஆவியான நீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் இல்லாமல் சிப்பி வைக்கக் கூடாது. ஊற்றுவது டிஐ தண்ணீராக (ஆர்ஓவுக்குப் பிறகு ரெசின் வழியாகவும் விட்டுத் தாதுக்களை நீக்கியது) இருக்கட்டும், உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் உப்பு இன்னும் ஏறும்.

ஃபேன் போட்டும் 28-க்குக் கீழே வரவில்லை என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. 200 லிட்டருக்கு 1/10 எச்பி என்று பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பி வாங்காதீர்கள், வேலூர் மே மாதத்துக்கு ஒரு படி மேலே போங்கள். உள்ளே இருக்கும் சுருள் டைட்டானியமா என்று கேளுங்கள். செம்புச் சுருள் உள்ளது நன்னீர்த் தொட்டிக்குத்தான். கேபினட்டுக்குள் வைத்தால் தன் சூட்டையே தான் இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும், வெளியே, காற்றோட்டமான மூலையில் வையுங்கள்.

*சில்லர் இருந்தும் சூடா?*

மெக்கானிக்குக்கு முன்னால் நாலு விஷயம்: பக்கவாட்டுத் தகடுகளில் தூசி அடைத்திருக்கிறதா (மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள், மாதம் ஒரு முறை), ஃபேன் சுற்றுகிறதா, உள்ளே போகும் பம்பின் வேகம் சில்லர் பெட்டியில் சொன்ன அளவுக்கு இருக்கிறதா, வெப்ப அளவு யாராவது மாற்றி வைத்துவிட்டார்களா. நாலும் சரியாக இருந்து, கம்ப்ரஸர் 'ம்ம்' என்று முனகி இரண்டு நிமிடத்தில் நின்று நின்று தொடங்கினால் கெபாசிட்டர், ரிலே அல்லது கேஸ். இதற்கு மீன் கடைக்காரர் வேண்டாம். தெருவில் ஃபிரிட்ஜ், ஏசி பார்க்கும் மெக்கானிக்கே போதும், வேலை ஒன்றேதான்.

*வெப்பம் சரி, ஆனாலும் பிளந்திருக்கிறதா?*

அடுத்தது ஆக்ஸிஜன். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாளில் தொட்டி மூச்சுத் திணறும். வீட்டு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரையும் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) ரிட்டர்ன் பம்பையும் (சம்பிலிருந்து நீரை மேலேற்றுவது) மட்டும் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்து 50 வாட் இழுத்தால், நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் பேட்டரி ஒரு பகலைத் தாராளமாகத் தாங்கும். சில்லரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள், கம்ப்ரஸர் தொடங்கும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது. தண்ணீர் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் போலத் தெரிந்தால் வேவ்மேக்கரை மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பைக் கலக்குங்கள்.

அதுவும் சரியென்றால் அம்மோனியா கிட். கொஞ்சம் காட்டினாலும் பாறைக்குப் பின்னால் ஏதோ செத்துக் கிடக்கிறது. நத்தையா மீனா என்று தேடி எடுத்து, 30 சதவீதத் தண்ணீர் மாற்றுங்கள்.

மூன்றும் சரியாக இருந்து, 24 மணி நேரத்துக்குப் பிறகும் நிழலுக்குச் சிப்பி அசையவில்லை என்றால் அதற்கு மேல் செலவு செய்வதில் பலனில்லை. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 2: மூடவும் இல்லை, முழுசாக விரியவும் இல்லை

அதிகம் பேர் கேட்பது இதுதான். காரணங்களும் இதில்தான் அதிகம்.

*வாங்கி இரண்டு வாரம் ஆகவில்லையா?* சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து பையில் பயணம் செய்து வந்தது இரண்டு மூன்று நாள் அரைகுறையாக விரிவது சகஜம். பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து விட்டிருந்தால் காத்திருங்கள். இடம் மாற்றாதீர்கள். விளக்கு முதலில் பாதிச் சக்தியில், சிப்பி மணல் மட்டத்தில். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். டெராசாவுக்கு 150 முதல் 250 பார் (பாசி பயன்படுத்தும் ஒளியின் அளவு) போதும், குரோசியாவுக்கு 250 முதல் 400. பார் மீட்டர் சொந்தமாக வாங்கத் தேவையில்லை, கடையிலோ நண்பரிடமோ ஒரு நாளைக்கு வாங்கி அளந்து, சிப்பி உட்காரும் இடத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

*மேண்டில் ஒரே பக்கமாக மடிந்து படபடக்கிறதா?* வேவ்மேக்கர் நேராக அடிக்கிறது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும்படி திருப்புங்கள்.

*விரிந்து விரிந்து திடீர் திடீரென்று மூடுகிறதா?* யாரோ கடிக்கிறார்கள். அறையை விட்டு வெளியே வந்து மொபைலை ஸ்டாண்டில் வைத்து ஒரு மணி நேரம் வீடியோ எடுத்துப் பாருங்கள், ஆள் இருந்தால் மீன் கடிக்காது. சின்ன ஏஞ்சல் மீன்களும் பட்டர்ஃபிளை மீன்களும் வழக்கமான குற்றவாளிகள். க்ளவுன் மீன் சிப்பியையே தன் கடல் சாமந்தி என்று நினைத்துப் புரளுவதும் உண்டு. மீனை எடுப்பதுதான் தீர்வு.

*எல்லாம் சரி, ஆனால் வாரக்கணக்கில் இப்படியே இருக்கிறதா?* அப்படியானால் மூலத் தண்ணீர். இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

பாலாற்றுப் பக்கத்துப் போர்த் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1000-ஐத் தாண்டுவது சாதாரணம். தோல் பதனிடும் வட்டாரத்தில் உப்பு மட்டுமல்ல, குரோமியம் போன்ற உலோகங்களுக்கும் வாய்ப்புண்டு. நல்ல ஆர்ஓ மெம்பரேன் 95 முதல் 98 சதவீதம்தான் தடுக்கும். 1500 டிடிஎஸ் உள்ளே போனால் 30 முதல் 75 வரை வெளியே வரும். குடிக்க அது நல்ல தண்ணீர், சிப்பிக்கு இல்லை. மெம்பரேனுக்குப் பிறகு டிஐ ரெசின் கட்டாயம். மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். இவ்வளவு கடினமான தண்ணீரில் ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் நிறம் மாறும் ரெசினைத் தெளிவான குழாயில் போட்டு, முக்கால்வாசி நிறம் மாறியதும் மாற்றுங்கள். தெருக் குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதைப் பிடித்து வடிகட்டினால் மெம்பரேனும் ரெசினும் அதிக நாள் வரும். அதில் குளோரின் இருக்கும் என்பதால் முன்னால் கார்பன் பிளாக் வேண்டும்.

வீட்டுச் சமையலறை ஆர்ஓவிலிருந்து பிடிப்பவர்கள் ஒரு நிமிடம் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கடைசிக் குழாய்களில் 'காப்பர்' என்று ஆரஞ்சு அல்லது செம்பு நிறத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ் இருந்தால் சிப்பி ஏன் வாடுகிறது என்பதற்கு அதுவே பதில். ஆரோக்கியத்துக்கு என்று அது வேண்டுமென்றே செம்பைச் சேர்க்கிறது. மினரல் கார்ட்ரிட்ஜும் டிடிஎஸ் கூட்டும் திருகும் அதே போலத்தான், வடிகட்டியதில் மறுபடி கலக்கும் வேலை. மெம்பரேனிலிருந்து நேராக வரும் குழாயில் ஒரு டி இணைப்பு போட்டு, அங்கிருந்து டிஐக்கு எடுங்கள். 20 லிட்டர் கேன் தண்ணீரிலும் தாது சேர்ப்பவர்கள் உண்டு, மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். பாட்டி காலத்துச் செம்புக் குடத்தில் பிடித்து வைப்பதும் வேண்டாம். மெரினாவிலிருந்து கேனில் கடல் நீர் கொண்டு வருவது பற்றி: கரையோர நீரில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, உப்புப் பொடிதான் மலிவு. லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், ஆக 40 லிட்டர் மாற்ற ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ.

செம்பு தொட்டிக்குள் போய்விட்டது என்று சந்தேகித்தால் கார்பன் போடுங்கள், செம்பைப் பிடிக்கும் பாலி ஃபில்டர் வகைப் பட்டை ஒன்றையும் போடுங்கள், வாரம் 20 சதவீதம் என மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றுங்கள். சிப்பி சில வாரத்தில் தேறும், அல்லது தேறாது. இரண்டு சுற்று மாற்றியும் அப்படியே இருந்தால் தொட்டி நீரை, உலோகங்களைத் தனித்தனியே அளக்கும் ஐசிபி சோதனைக்கு அனுப்புவதுதான் அடுத்த படி. போர்த் தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். ஆனால் தொட்டியின் உப்பு நீரை அங்கே கொண்டு போகாதீர்கள், அது அவர்கள் வேலையல்ல.

அறிகுறி 3: மேண்டில் விளிம்பு ஓர் இடத்தில் கிள்ளியது போல உள்ளே இழுத்திருக்கிறது

இதைப் பின்ச்டு மேண்டில் என்பார்கள். முதலில் அறிகுறி 2-இல் உள்ள எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இழுப்பு நாளுக்கு நாள் பரவுகிறது என்று உறுதியானால் மட்டும் நன்னீர்க் குளியல்.

சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் டிஐ தண்ணீர் எடுங்கள். அரை மணி நேரம் காற்றுக் கல் ஓட்டுங்கள். வெப்பம் தொட்டி வெப்பமே இருக்க வேண்டும், ஒரு டிகிரி வித்தியாசம்கூட வேண்டாம். சமையல் சோடா ஒரு சிட்டிகை கரைத்து பிஎச் 8.1 வரும் வரை பாருங்கள். பேக்கிங் பவுடர் வேறு, அதை எடுக்காதீர்கள். சிப்பியைப் பாறையிலிருந்து இழுக்காமல், அது பாறையைப் பிடித்திருக்கும் நாரை அறுத்து (அறிகுறி 6) எடுத்து, 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். உள்ளே போனதும் மூடிக்கொள்ளும், அது சரி. பிளந்துகொண்டு தளர்ந்தால் நேரம் முடியாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். திரும்ப வைத்த பிறகு இரண்டு நாள் விளக்கைக் குறைத்து வையுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம்.

ஏற்கனவே வாய் பிளந்த சிப்பிக்கும் 5 செ.மீ.க்குச் சின்னதுக்கும் இது கூடாது.

அறிகுறி 4: வெளுக்கிறது

நடுவிலிருந்து வெளுத்தால் சூடு, அல்லது திடீரென்று கூட்டிய விளக்கு. வெப்பத்தைப் பாருங்கள், விளக்கை 30 சதவீதம் குறையுங்கள், கீழே இறக்கி வையுங்கள். பாசி திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும்.

முழுவதும் மெல்ல வெளுத்து, மேண்டில் சுருங்காமல் இருந்தால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் சிப்பி பட்டினி. ஸ்கிம்மரை (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) ஈரம் குறைத்து ஓட்டுங்கள், பாஸ்பேட் ரெசினை எடுத்துவிடுங்கள், மீனுக்கு ஒரு வேளை கூடுதலாகத் தீனி போடுங்கள். சின்னச் சிப்பிக்கு மட்டும் வாரம் இரண்டு மூன்று முறை பைட்டோபிளாங்க்டன் உதவும். பெரியது விளக்கில்தான் வாழ்கிறது.

இதற்கு எதிராக, வண்ணம் மங்கி அடர் பழுப்பாகிக்கொண்டே போனால் வெளிச்சம் போதவில்லை.

அறிகுறி 5: பகலில் நன்றாக இருக்கிறது, ஆனால் நாளுக்கு நாள் மெலிகிறது

இரவு விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். முடிந்தால் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி. ஓட்டின் மேல் விளிம்பிலும், சிப்பியின் அடியில் நார் வெளிவரும் துளையின் சுற்றிலும் அரிசி நொய் அளவில் வெள்ளையாக, கூம்பாக நிற்பவை பிரமிட் நத்தைகள். பகலில் மணலில் ஒளிந்துகொள்ளும். மேண்டில் விளிம்பில் நீண்ட உறிஞ்சியைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஓட்டின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் தெளிவான பசை போன்ற பொட்டுகள் அவற்றின் முட்டை. இவற்றை விட்டுவிட்டு நத்தையை மட்டும் எடுத்தால் வாரத்தில் திரும்ப வந்துவிடும்.

சிப்பியைத் தொட்டி நீர் உள்ள டப்பாவில் எடுத்து, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டை முழுவதும், அடிப்பக்கத்தை முக்கியமாக, தேயுங்கள். சதையில் படக் கூடாது. டப்பா நீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள், தொட்டியில் அல்ல. மூன்று நாளுக்கு ஒரு முறை, ஆறு வாரம். சலிப்பாக இருக்கும், ஆனால் வேறு குறுக்குவழி கிடையாது. சிக்ஸ்லைன் ராஸ், ஹாலிகோரஸ் வகை மீன்கள் சிலவற்றைத் தின்னும். ஆனால் சிப்பிக்கு அடியில் ஒளிந்திருப்பதை அவை எட்டாது.

டார்ச்சில் முள்புழு தெரிந்தால் உடனே அதன் மேல் பழி போட வேண்டாம். அது பெரும்பாலும் செத்ததைத் தின்ன வந்தது. சிப்பி அடியில் கூட்டமாக மொய்த்தால்தான் யோசிக்க வேண்டும், அப்போதும் முதலில் சிப்பி ஏன் பலவீனமானது என்று பாருங்கள்.

அறிகுறி 6: கவிழ்கிறது, நகர்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது

குரோசியா பாறையில் நார் விட்டுப் பிடிக்கும் வகை. மணலில் வைத்தால் நடந்துகொண்டே இருக்கும். உள்ளங்கை அளவு லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய ரீஃப் பாறை) துண்டில், சிப்பி உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிற இடத்தில் வைத்து, மூன்று நாள் தொடாதீர்கள். டெராசாவை மணலில் வைக்கலாம், அடியில் தட்டையான ஒரு கல் புதைத்து. வளர்ந்த டெராசா நார் விடுவதை நிறுத்திவிடும், அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

பிடித்திருக்கும் சிப்பியை ஒருபோதும் பிய்த்து எடுக்காதீர்கள். நாரோடு சேர்ந்து அதன் சுரப்பியும் வந்துவிடும், பிறகு மெதுவாகச் சாகும். புது ஷேவிங் பிளேடை எண்ணெய் போகத் துடைத்து, பாறையை ஒட்டி நாரை அறுங்கள். சிப்பியின் பக்கம் அல்ல, பாறையின் பக்கம். பாறையே சிறியதாக இருந்தால் பாறையோடு நகர்த்துங்கள், அதுதான் நல்லது.

அறிகுறி 7: ஓட்டில் புதுக் கோடு இல்லை

முதலில் மூன்றையும் ஒரே நாளில் அளந்து பாருங்கள்: காரம், கால்சியம், மக்னீசியம். மக்னீசியம் 1200-க்குக் கீழே இருந்தால் மற்ற இரண்டையும் ஏற்றினாலும் நிற்காது, அதை முதலில் சரி செய்யுங்கள்.

200 லிட்டருக்கு ஒரு டிகேஎச் ஏற்ற 6 கிராம் சுத்தமான சமையல் சோடா. 20 பிபிஎம் கால்சியம் ஏற்ற ஏறக்குறைய 15 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், உணவுத் தரம். தனித்தனியே டிஐயில் கரைத்து, அரை மணி நேர இடைவெளியில், நீர் ஓடும் இடத்தில் ஊற்றுங்கள். ஒன்றாகக் கலந்தால் சுண்ணாம்பாகத் திரிந்துவிடும். காரத்தை ஒரு நாளில் ஒரு டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றும் யோசனை அவ்வப்போது வரும், அதில் என்ன கலப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது, வேண்டாம்.

எண்கள் சரியாக இருந்தும் வளரவில்லை என்றால் பிஎச். கோடையில் ராத்திரி முழுக்க ஏசி போட்டு, கதவு சன்னல் எல்லாம் சாத்தி, நாலு பேர் படுத்திருக்கும் அறையில் தொட்டி இருந்தால் விடியற்காலை பிஎச் 7.8-க்கு இறங்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விடுங்கள். செலவு குழாய்க்கான சில ரூபாய்தான்.

அறிகுறி 8: திடீரென்று தொட்டி முழுக்கப் பால் கலந்தது போல

சிப்பி விட்டு விட்டு மூடி, வெள்ளைப் புகையாகத் தள்ளினால் அது இனப்பெருக்கம். சூடு, தண்ணீர் மாற்றம் போன்ற அதிர்ச்சியில் நடக்கும். மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் ஆக்ஸிஜன் தீர்கிறது. காற்றுக் கல் போடுங்கள், ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓட்டுங்கள், கார்பன் போடுங்கள், கலந்து வைத்த உப்பு நீர் இருந்தால் 30 சதவீதம் மாற்றுங்கள். கலந்து வைத்த நீர் 40 லிட்டராவது எப்போதும் கையில் இருப்பது இதற்காகத்தான்.

அறிகுறி 9: சிப்பி மட்டுமல்ல, எல்லாமே ஒரே நாளில் சுருங்கிவிட்டது

யோசிக்க வேண்டிய வரிசை: காலையில் கொசு மருந்து, கரப்பான் ஸ்ப்ரே அடித்தார்களா, சாம்பிராணி தொட்டிப் பக்கம் போட்டார்களா, பக்கத்து அறையில் பெயின்ட் அடிக்கிறார்களா. ஸ்கிம்மர் அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. ஆம் என்றால் சன்னல், கார்பன், தண்ணீர் மாற்றம்.

இல்லையென்றால் கரண்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பம்பாக வெளியே எடுங்கள். வேவ்மேக்கர் காந்தத்தின் மேலுறை வெடித்துத் துரு வழிகிறதா, ஹோஸ் கிளாம்ப் இரும்பா, கண்ணாடி துடைக்கும் காந்தம் ஊதியிருக்கிறதா. துரு தெரிந்தது எதுவானாலும் அன்றே குப்பையில் போடுங்கள்.

தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்று உறுத்தினால் இனி நீங்கள் தொட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தொட்டி லைனுக்கு, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள், எர்த் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். சிப்பி பிறகு.

செத்துவிட்டால்

நிழலுக்கு அசைவில்லை, மேண்டில் ஓட்டிலிருந்து கழன்று தொங்குகிறது, தூக்கினால் நாற்றம் வருகிறது என்றால் ராத்திரி 12 மணியானாலும் அப்போதே எடுங்கள். பெரிய சிப்பி ஒன்று அழுகினால் விடிவதற்குள் சின்னத் தொட்டியின் மீன்களையும் சேர்த்து எடுத்துவிடும். எடுத்ததும் அம்மோனியா அளந்து, 30 சதவீதம் மாற்றி, மறு நாளும் அளந்து பாருங்கள். பரிவேஷில் பதிந்திருந்தால் இறந்ததையும் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டை வைத்துக்கொள்வதானால் வாங்கிய பில்லும் இறக்குமதித் தாளும் அதோடு சேர்ந்தே இருக்கட்டும்.